ரொறன்ரோவைப் பற்றிச் சில குறைகள்

பார்சிப்பனி, நியூ ஜேர்சி
23 ஆகஸ்ட் 1998

அன்புள்ள தவமணிக்கு,

நான் நலம். நீரும் விதுஷாவும் நலமா என்று கேட்கவில்லை. ரொறன்ரோவில் எல்லோரும் நலமாகத்தான் இருக்கிறார்கள், கேட்காமலே சொல்லுகிறார்கள். தொலைபேசியில் நான் சத்தம் போடுகிறேன் என்று நீர் வைத்துவிட்டபடியால் எழுதுகிறேன்.

உம்மையும் பிள்ளையையும் கூட்டி வருவதற்காகக் கார் கொண்டு வந்த நான், உம்முடைய தங்கச்சி பவதாரணி வீட்டு வாசலில் இருந்து சமையல் சாமானோடு திரும்பினேன். காரில் ஏறமாட்டேன் என்று சொன்ன அதே வாயால், டிக்கியில் எதை எதன்மேல் அடுக்க வேண்டும் என்றும் நீர்தான் சொன்னீர். எல்லையில் அமெரிக்க அதிகாரி டிக்கியைத் திறக்கச் சொன்னார். மிளகாய்த்தூளை மணந்து தும்மினார். மட்டன் ரோல்ஸ் பெட்டியை அரசாங்கத்துக்காக எடுத்துக்கொண்டார். இவ்வளவும் எத்தனை பேருக்கு என்று கேட்டார். மூன்று பேருக்கு என்றேன். மற்ற இருவரும் எங்கே என்று கேட்டார். பின்னால் நின்ற கார் ஹோர்ன் அடித்ததால் அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நிற்க. நீர் அந்த நகரத்தில் என்னத்தைக் கண்டீர் என்று இரண்டு கிழமையாக யோசிக்கிறேன். நானும் கண்ட நகரம்தான். வந்த ஒவ்வொரு முறையும் உம்முடைய தங்கச்சி புருஷன் சிவகரன் என்னை உலகத்திலேயே உயரம் என்று சொல்லும் அந்தக் கோபுரத்தடிக்குக் கூட்டிப்போய், தானே கட்டியவர் மாதிரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "என்ன அண்ணை, உங்கட நியூயோர்க்கில இப்பிடி ஒண்டு இருக்கோ?" என்று கேட்பார். இந்தமுறை, நீங்கள் ஏறிப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன். "ஆரண்ணை காசு குடுத்து ஏறுறது" என்றார். அங்கே வந்து பத்து வருசம். அதற்குப் பிறகு நயாகரா. விருந்தாளி வந்தால் நயாகரா. தண்ணீர் மேலே இருந்து கீழே விழுகிறது. போன வருசமும் அப்படித்தான் விழுந்தது.

பவதாரணி மகள் பெரியபிள்ளையானதற்குச் செய்த சாமத்தியச் சடங்கையும் பார்த்தேன். பிள்ளையைப் பல்லக்கில் தூக்கி வந்தார்கள். பல்லக்கைச் சுற்றி மெசின் புகை. பிள்ளை இருமியது. வீடியோக்காரர் இருமலை நிறுத்திவிட்டுத் திரும்பவும் வரச் சொன்னார். இரண்டாம் முறை தூக்கி வந்தவர்கள் இருமினார்கள். பக்கத்தில் இருந்த மனிசி என்னிடம், "அமெரிக்காவில தலையிடி எண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாலும் வீட்டை வித்துத்தான் வரோணுமாமே, உண்மையோ?" என்று கேட்டார். நான் கேட்ட முதல் நல்ல செய்தி சோறு போடுகிறார்கள் என்பதுதான்.

எல்லாவற்றிலும் மோசம் உம்முடைய தங்கச்சியின் மாடிக் கட்டிடத்து லிப்ட். பதினான்காம் மாடிக்கு ஏற எடுக்கும் நேரத்தில், வெங்காயம் பொரித்த மணத்தோடு ஒரு முழு விசாரணை நடக்கிறது. மூன்றாம் மாடியில் ஒரு ஐயா, "தம்பி ஊரில எவடம்?" ஏழாம் மாடிக்குள் என்னுடைய பாட்டனாரைக் கண்டுபிடித்தாகிவிட்டது. பத்தாம் மாடியில் "இன்னும் கிறீன் கார்ட் வரேல்லையே, பாவம்." நான் திரும்பும்போது அதே ஐயா அதே லிப்டில் நின்றார். "என்ன தம்பி, தனியப் போறியள்?"

இங்கே எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. பக்கத்து வீட்டு ராஜலக்ஷ்மி, "ஆன்ட்டி ஊருக்குப் போயிருக்காங்களா, அங்கிள்?" என்று கேட்டா. ஓம் என்றேன். ரொறன்ரோவை நான் ஊர் என்று சொன்னது இதுவே முதல்முறை. வேறு சொல் அகப்படவில்லை.

விதுஷாவின் பள்ளிக்கூடம் செப்டம்பர் ஒன்பதாம் திகதி திறக்கிறது. நாலாம் திகதி வெள்ளிக்கிழமை காரோடு வருவேன். சாமான்களோடு கீழே வந்து நில்லும். நான் மேலே வரமாட்டேன். காரணம் மேலே சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உமது கணவன்
க. வரதராஜா


ஸ்காபரோ
28 ஆகஸ்ட் 1998

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பவதாரணியும் வாசித்தாள். சிவகரன் கோபுரம் வரைக்கும் வாசித்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

நீங்கள் எழுதிய குறைகள் எல்லாம் உண்மை. போதாது. நீங்கள் விருந்தாளி, உங்களுக்குக் கோபுரத்தையும் தண்ணீரையும்தான் காட்டுவார்கள். இருக்கிறவளுக்கு வேறு குறைகள் தெரியும். நிலக்கீழ் அறையில் இருக்கும் துணி காயவைக்கும் மெசின் காசை விழுங்கிவிட்டு ஈரத் துணியைத் தரும். ஒன்பதாம் மாடி அன்ரி ஒவ்வொரு காலையும், "என்ன பிள்ளை, கோவிச்சுக்கொண்டு வந்தனியோ?" என்று கேட்கிறா. இல்லை, சடங்குக்கு வந்தனான் என்கிறேன். "சடங்கு முடிஞ்சுதல்லோ" என்கிறா. இப்போதே எல்லோரும் குளிரைச் சொல்லிப் பயம் காட்டுகிறார்கள். பயமாகத்தான் இருக்கிறது.

ஆனால் வாசலில் பஸ் வருகிறது. வந்த முதல் கிழமை பவதாரணி வேலைக்குப் போன பிறகு நானும் விதுஷாவும் ஏறினோம். எங்கே போவதென்று இல்லாமல்தான் ஏறினோம். ஒரு மரக்கறிக் கடையைக் கண்டு, யன்னலோரம் இருந்த கயிற்றை இழுத்தேன். மணி அடித்தது. டிரைவர் நிறுத்தினார். அவ்வளவு பெரிய பஸ், அத்தனை சனம், நான் இறங்குவதற்காக நின்றது.

நீங்கள் சிரிப்பீர்கள். பார்சிப்பனிக்கு வந்து எட்டு வருசமாக நான் கொத்தமல்லி வாங்குவதென்றாலும் சனிக்கிழமை வரைக்கும் பார்த்திருக்க வேண்டும். சனிக்கிழமை உங்களுக்கு மீட்டிங் என்றால் அடுத்த சனி. கோயில் கார் நிறுத்துமிடத்தில் ஒரே ஒரு நாள் எனக்கு ஓட்டப் பழக்கினீர்கள். "பிரேக், பிரேக், பிரேக்" என்று கத்தினீர்கள். திருநீறு பூசிக்கொண்டு வந்த சனம் முழுக்க நின்று பார்த்தது. "உமக்கு இது சரிவராது" என்று சொல்லிக் கார்த் திறப்பைப் பிடுங்கினீர்கள். ஊரில் ஷெல் விழுந்த நாளிலும் சைக்கிளில் போய்ப் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்தவள் நான். அதையும் நீங்கள்தான் விருந்தாளிகளுக்குப் பெருமையாகச் சொல்லுவீர்கள். சொல்லிவிட்டு என்னைத் தேத்தண்ணீர் போட அனுப்புவீர்கள்.

உங்கள் விசாவில் நம்பிக்கை இல்லாமல், மழை வந்தால் குடை என்று நீங்களே எங்கள் மூவருக்கும் கனடாக் குடிவரவு எடுத்து வைத்தீர்கள். நான் குடையை விரித்துவிட்டேன். விதுஷாவை இங்கே பள்ளிக்கூடத்தில் பதிந்தாகிவிட்டது. வெள்ளிக்கிழமை காரைக் கொண்டு வராதேயுங்கோ. நான் ஏறமாட்டேன். சாமானும் அடுக்கித் தரமாட்டேன்.

பிள்ளையைப் பற்றி ஒன்று. அங்கே நாங்கள் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்லுவாள் அல்லவா. நேற்று அதே லிப்டில், நீங்கள் சொன்ன அதே ஐயா, "நீ ஆற்றை பிள்ளை?" என்று தகப்பன் பெயரைக் கேட்டார். நான் வாய் திறக்க முன்னம், "வரதராஜான்ரை" என்றாள்.

சாப்பாட்டைக் கவனியுங்கள். மிளகாய்த்தூளை வெளியே வைத்தால் நிறம் போய்விடும், ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

தவமணிதேவி


பார்சிப்பனி
12 செப்டம்பர் 1998

தவமணி அறிவது,

உம்முடைய கடிதம் நாலாம் திகதி காலை, நான் காரில் ஏற இருக்கும்போது கிடைத்தது. காரை நிறுத்திவிட்டு வாசித்தேன். அதில் மூன்று தவறுகள் இருப்பதாக அன்றைக்கே குறித்து வைத்தேன். முதலாவது, "பிரேக்" என்று நான் ஒரு தரம்தான் கத்தினேன். மற்ற இரண்டும் தவறுகள் அல்ல என்று பிறகு வாசிக்கும்போது தெரிந்தது. முதலாவதைப் பற்றியும் இப்போது நிச்சயமில்லை.

ஒன்பதாம் திகதி பள்ளிக்கூடத்தில் இருந்து ஒரு பெண் தொலைபேசியில் கூப்பிட்டு, விதுஷா வரவில்லையே, சுகமில்லையா என்று விசாரித்தா. சுகமாக இருக்கிறாள் என்றேன். இங்கே அவளைப் பற்றி நான் சொன்ன ஒரே உண்மை அதுதான். ராஜலக்ஷ்மிக்கு நீர் இன்னும் ஊரில் நிற்கிறீர்.

அந்த நகரத்தைப் பற்றிய என்னுடைய கருத்தில் மாற்றம் இல்லை. அது ஒரு பெரிய கல்யாண மண்டபம். வெளியே போகும் வழியில் எல்லோரும் செருப்புத் தேடுகிறார்கள். இதை நான் நேரிலும் சொல்லுவேன். ஆகையால் சிவகரன் என்னோடு கோபித்துக்கொண்டால் அது நியாயம்.

வரும் வெள்ளிக்கிழமை இரவு நியூயோர்க்கில் பஸ் ஏறுகிறேன். சனிக்கிழமை காலை அங்கே வந்து சேரும். கார் இங்கேயே நிற்கும். கோபுரமும் தண்ணீரும் வேண்டாம். அந்த பஸ் நிலையத்தில் இறங்கினால் உங்கள் வீட்டுக்கு எதில் ஏறுவது, எங்கே மாறுவது என்று எனக்குத் தெரியாது. இத்தனை முறை வந்தும் தெரியாது. சிவகரனை அனுப்ப வேண்டாம். நீர் வாரும். வரும் வழியில் கயிற்றை நீரே இழுத்துக்கொள்ளும். எனக்கு எந்த இடம் என்று தெரியாது.

விதுஷாவுக்கு என் ஆசீர்வாதம். அவள் லிப்டில் சொன்னதை நான் வாசித்தேன் என்று சொல்லும்.

அந்த ஐயா கட்டாயம் லிப்டில் நிற்பார். "இவர் ஆர் பிள்ளை, விருந்தாளியோ?" என்று உம்மிடம் கேட்பார். என்ன பதில் சொல்லுவதென்று நீர் யோசித்து வையும். பதினான்கு மாடி இருக்கிறது, அவசரமில்லை.

வரதராஜா