தொபியாஸின் நாடா

பயண நாள் 2520. ஞாயிறு. 09:10

வட்டுகள் இயல்பு. அறை வெப்பம் 19. உறங்குபவர்கள் 212. விழித்திருப்பவர் ஒருவர்: நான், சகாயராணி, பதிவுக் காப்பாளர்.

இதைக் கண்டெடுப்பவருக்கு ஒரு விளக்கம். உடலை உறையவைக்கும் நீள்உறக்கம் நினைவைத் துடைத்துவிடும். அதனால் பூமியிலேயே ஒவ்வொருவர் நினைவையும் ஒரு நாடாவில் எடுத்துவைத்தோம். விழிக்கும்போது திரும்ப ஏற்றுவோம். நாடா என்பது பேச்சுக்குத்தான். கப்பலில் இருப்பது வட்டுகள் நிறைந்த ஒரு பெட்டி. பேக்கப் மென்பொருள் மிகப் பழையது. நாடாவைத் தவிர வேறெதையும் நம்பாது. ஆகவே பெட்டி நாடாவாக நடிக்கிறது. சுற்றி முடிந்ததா என்று மென்பொருள் கேட்கும். முடிந்தது என்று பெட்டி சொல்லும்.

10:40

நாடா 31, சோதனை ஏற்றம். முழுமை. சரிபார்ப்பு முத்திரை விழுந்தது.

31 தொபியாஸ். என்ஜின் மெக்கானிக். என் கணவன். விதிப்படி எல்லா நாடாக்களையும் முறைவைத்துச் சோதிக்க வேண்டும். நான் ஞாயிறுதோறும் அவனை மட்டும் சோதிக்கிறேன். யாரும் கேட்டதில்லை.

பயண நாள் 2522. 06:15

இரவில் பன்னிரண்டு வட்டுகள் செத்துவிட்டன. இன்னும் பல தள்ளாடுகின்றன. எல்லா நாடாக்களையும் நல்ல வட்டுகளுக்கு நகர்த்த வேண்டும். பெட்டியில் இடம் தாராளம். ஆனால் மென்பொருளின் பட்டியலில் நாற்பது காலி நாடாக்கள் இருந்தால்தான் அது நகர்த்தலைத் தொடங்கும். ஒன்றுகூட இல்லை. தரைக்குச் சொன்னேன். செய்தி போக எண்பது நிமிடம், வர எண்பது.

09:20

பெறப்பட்டது. தரை நிலையம், மிக்கேல் அண்ணாச்சி:

"ஏம்மா ராணி, இதுக்குப் போயா இப்படிப் பதறுத? ஒண்ணுல இருந்து நாப்பது வரைக்கும் காலாவதின்னு குறி. அது எண்ணிக்கையத்தான் பாக்கும், ஏமாந்துரும். காலாவதின்னா அழிஞ்சா போவும்? மேல எழுதுற வரைக்கும் நாடாவுல உள்ளது அப்படியேதான் கெடக்கும். எழுதத் தடைன்னும் ஒரு குறி போட்டுரு. நகத்தி முடிச்சதும் பழையபடி மாத்து. நாடா ரூமுலயே தலை நரைச்சவன் சொல்லுதேன்."

09:50

முதல் வரிசையில் நாற்பத்தொரு பேர். கப்பலின் வேகத்தைக் குறைக்கும் அணி. முதலில் எழுப்பப்பட வேண்டியவர்கள். 1 முதல் 40 வரை குறித்தேன். 31ஐ விட்டேன். அதற்குப் பதில் 41: எப்சிபா, அணியின் மருத்துவர், வயது ஐம்பத்தெட்டு. ஏறிய அன்று எனக்கு ஓர் ஆரஞ்சுப் பழம் கொடுத்தார்.

யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார். அப்படியானால் 31ஐ ஏன் விட்டேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை.

09:52

நாற்பதும் காலாவதி.

பெட்டியின் பதிவு: "நாற்பது நாடாக்கள் விடுவிக்கப்பட்டன. இடம் மீட்கப்பட்டது."

09:58

நாடாவுக்குக் காலாவதி என்பது மேலே ஒட்டும் சீட்டு. பெட்டிக்கு அது உத்தரவு. காலாவதியானதை உடனே துடைத்து இடத்தை மீட்பது அதன் வேலை. மூன்று நொடி. நாற்பது பேர்.

தரைக்குச் சொன்னேன். நகர்த்தல் தொடங்கிவிட்டது. 31ஐ முதலில் போகச் செய்தேன்.

12:45

பெறப்பட்டது. மிக்கேல் அண்ணாச்சி:

"திரும்பப் பாரும்மா. நல்லாப் பாரு. நாடா அப்படிச் செய்யாதேம்மா. எங்க காலத்துல ஒரு நாடாகூட..."

இத்துடன் முடிகிறது.

பயண நாள் 2523. 08:00

பெறப்பட்டது. நிலைய இயக்குநர் குணவதி:

"அழ நேரமில்லை. வேகம் குறைக்க இன்னும் பதினோரு நாள். கையால இயக்க நாற்பது பேர் வேணும். மத்த வரிசைகளை உருக்கி எழுப்ப அறுபது நாள் ஆகும். முதல் வரிசையில உடம்பு தயாரா இருக்கு, நினைவுதான் இல்லை. முத்திரை உள்ள நாடாவை மட்டும்தான் மென்பொருள் ஏத்தும். நகர்த்தல் முடியற வரைக்கும் புதுசா எதையும் சோதிக்க முடியாது. அதுக்கு இருபது நாள். முத்திரை உள்ளது ஒண்ணே ஒண்ணு. அதை நாற்பது பேருக்கும் ஏத்துங்க. என்ஜின் தெரிஞ்ச ஆள்தானே. ஏன் ஒண்ணே ஒண்ணுன்னு நான் கேட்கல, சகாயராணி. நீங்களும் சொல்ல வேண்டாம்."

11:30

மறுத்து எழுதினேன். அனுப்பவில்லை. வேகம் குறையாவிட்டால் 213 பேரும் போய்ச்சேர வேண்டிய கோளைக் கடந்து வெறுமைக்குள் போய்விடுவோம். அவனும்தான்.

பயண நாள் 2525. 05:40

முதல் ஏற்றம். எப்சிபா கண் திறந்தார். அறை ஒலிப்பதிவு:

"ஏட்டி ராணி. ஏழு வருசமா என்னைய உறங்க விட்டுட்டு நீ மட்டும் தின்னியாக்கும்?"

பிறகு போர்வைக்கு வெளியே கிடந்த கையைப் பார்த்து:

"இது யாரு கைட்டி?"

21:30

நாற்பதும் முடிந்தது. நாற்பது முறை அதே கேலி. வெவ்வேறு தொண்டைகள். சொல்லிவிட்டு நான் சிரிப்பதற்காக ஒரு கணம் நிறுத்துவான். பதினேழாவதில் சிரித்துவிட்டேன். ஓர் இளைஞனின் முகம். அதில் தொபியாஸ் மகிழ்ந்தான்.

அவன் உடலை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன். இவர்கள் என்ஜினுக்குப் போன பிறகு, நானும் அவனும் மட்டும் இருக்கும்போது எழுப்புவேன்.

பயண நாள் 2526. 17:00

நன்றாக வேலை செய்கிறார்கள். பேச்சில்லை. ஒருவன் கை நீட்டினால் அடுத்தவன் சரியான ஸ்பேனரை வைக்கிறான். சாப்பிடும்போது யாரும் யாரையும் பார்ப்பதில்லை.

18:05

நாடா 31. ஏற்ற வேண்டிய உடல் 31.

மென்பொருள்: "ஏற்ற எண்ணிக்கை 400. வரம்பு 400. நாடா தேய்ந்துவிட்டது. காலாவதி."

பெட்டி: "இடம் மீட்கப்பட்டது."

18:20

தேய்வதற்கு அங்கே நாடாவே இல்லை.

நாற்பது இவர்களுடையது. முந்நூற்று அறுபது என்னுடையது. ஒரு ஞாயிறு தவறவிட்டிருந்தால் போதும்.

நினைவை எடுக்கும் கருவி பூமியில் இருக்கிறது. இந்த நாற்பதில் ஒருவனிடமிருந்து திரும்ப எடுக்க வழியில்லை.

18:50

தொடங்கிய எழுப்புதலை நிறுத்த முடியவில்லை. உடல் 31 கண் திறந்தது. விளக்கைப் பார்த்தது. விழுங்கத் தெரியவில்லை; மூச்சும் குழாய் வழியாகத்தான். துணியை நனைத்து உதட்டில் வைத்தேன். என் பெயரைச் சொன்னேன். வாயைத் திறந்து பார்த்தது. அவ்வளவுதான்.

20:10

வேலை முடிந்து வந்தார்கள். வாசலில் நின்றார்கள். ஒருவரும் உள்ளே வரவில்லை. எப்சிபாவின் குரலில்:

"நாப்பது பேரு நிக்கோம். நீ அதுகிட்ட உக்காந்திருக்க."

நான் திரும்பவில்லை.

பயண நாள் 2527. 07:30

ஒரு மணி நேரம் உறங்கிவிட்டேன்.

உடல் 31, இறப்பு. மூச்சுக் குழாய் கழற்றப்பட்டு, ஒழுங்காகச் சுருட்டி, கொக்கியில் மாட்டப்பட்டிருந்தது. குழாயைச் சுருட்டாமல் விடமாட்டான் தொபியாஸ்.

08:00

உணவறையில் எல்லோரையும் கூட்டினேன். யார் என்று கேட்டேன்.

எப்சிபாவின் வாய் சொன்னது: "என்னைய அப்படிப் பாக்க என்னால முடியலட்டி."

அவர்தான் கழற்றினாரா என்று கேட்டேன்.

நாற்பது கைகள் உயர்ந்தன. அவற்றில் ஒன்றைக்கூட நான் ஒருநாளும் பற்றியதில்லை.