எடுக்காத போன்

அம்மாவுக்கு,

நான் சௌக்கியம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? போனில் கிடைக்காததால் எழுதுகிறேன்.

எங்கள் தியேட்டரில் இந்த வாரம் பழைய கொலைப் படங்கள். தாமதமாக வருபவர்களுக்கு டார்ச் அடித்து சீட் காட்டுவதோடு என் வேலை முடிவதால், எந்தப் படத்திலும் ஆரம்பக் கட்டம் மட்டும்தான் பார்ப்பேன். நேற்றைய படத்தில் ஒரு வீட்டில் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது, அடுப்பில் பால் பொங்கி வழிகிறது, ஆளைக் காணோம். வேலையை அப்படியே போட்டுவிட்டு வெளியே ஓடி வந்து உங்களுக்கு ஏழு தடவை போன் அடித்தேன்.

"இருட்டுல ஜனங்க தடுமாறுறாங்க, நீ எங்கய்யா போன?" என்றார் மேனேஜர். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

நீங்கள் அப்போது மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்திருப்பீர்கள். இனிமேல் போனை முந்தானையில் முடிந்துகொள்ளுங்கள். இன்று காலையும் எடுக்கவில்லையே.

பெல் அடித்துவிட்டது, போகிறேன். அந்த வீட்டில் கடைசியில் யாராவது போனை எடுத்தார்களா என்று படம் பார்த்தவர்களிடம் கேட்கலாம். நான் கேட்கவில்லை.

உங்கள் மகன்