இரண்டு சாப்பாட்டு டப்பா

ஆஸ்டின் டவுன்
3 மார்ச் 2025

அன்புத் தங்கை மௌரீனுக்கு,

முட்டி வலி தேவலையா? நிக்கோல் பரீட்சை எழுதிவிட்டாளா? உன்னோடு போனில் பேசக்கூடாது என்று வக்கீல் சொல்லிவிட்டார். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

உங்கள் கார்மெண்ட்ஸ் தீவிபத்தில் பின்கதவு பூட்டியிருந்ததற்கு முதலாளியோடு என்னையும் குற்றவாளியாகச் சேர்த்துவிட்டார்கள். ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் நான், சோதனைக்கு வருவதை முன்கூட்டியே தெரிவித்தேனாம். நிரூபணமானால் வேலை போச்சு, பென்ஷன் போச்சு, ஜெயில் வேறு. சாட்சி நீ ஒருத்திதான். “நாளைக்கு உன் பக்கம் வரேன்மா, எனக்கும் சேர்த்துச் சோறு கட்டிக்கோ” என்று அண்ணன் கேட்டது ஒரு குற்றமா? கேட்டால் சோறு கேட்டார் என்று மட்டும் சொல்லு. உன்னைத்தான் நம்பியிருக்கிறேன்.

உன் அண்ணன்,
ஓஸ்வால்ட்

பொம்மனஹள்ளி
9 மார்ச்

அன்புள்ள அண்ணாவுக்கு,

நிக்கோல் நன்றாக எழுதியிருக்கிறாள். என் முட்டியை விடுங்கள்.

சோறு மட்டும்தானா அண்ணா? நான் இரண்டு டப்பாவோடு கேட்டில் நுழைந்தாலே மேனேஜர் சுதீர் “பீகா தெகீரி”, பூட்டைத் திறங்கள் என்று கன்னடத்தில் கத்துவார். உடனே பின்கதவைத் திறப்போம், வழியில் கிடக்கும் துணி மூட்டைகளை நகர்த்துவோம். நீங்கள் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டு, மீன் குழம்பு பிரமாதம் என்று சொல்லிவிட்டுப் போவீர்கள். சாயந்திரம் மறுபடி பூட்டு. சூப்பர்வைசர் என்று சாவியை வைத்திருந்தவள் நான்தானே, ஐயோ!

தீயில் மாட்டிக்கொண்ட எங்கள் தையல்காரப் பெண் லாவண்யாவுக்கு மறுபடி ஆபரேஷன். கதவைத் தட்டித் தட்டியே வெந்துபோன கை அது. “நீங்கதான்க்கா சாவியோட ஓடியாந்து காப்பாத்துனீங்க” என்று என்னைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

சின்ன வயதிலிருந்தே உங்கள் முகத்தைப் பார்த்தால் எனக்கு மாட்டேன் என்று சொல்ல வராது. கோர்ட்டில் என்ன சொல்லட்டும்? நீங்களே சொல்லுங்கள்.

மௌரீன்

ஆஸ்டின் டவுன்
16 மார்ச்

அன்பு மௌரீன்,

உன் கடிதத்தைப் படித்து உன்மேல் ரொம்பக் கோபப்பட்டேன். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனேன். உள்ளே போகத் தைரியமில்லை, வார்டு வாசலிலேயே நின்றேன். அந்தப் பெண்ணுக்கு அவள் அம்மா டப்பாவிலிருந்து சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

சோதனையில் ஏதாவது மாட்டினால் நீ மேனேஜரிடம் திட்டு வாங்கக்கூடாது என்றுதான் முதலில் போன் செய்தேன். அப்புறம் அதுவே பழக்கமாகிவிட்டது.

வியாழக்கிழமை கோர்ட்டில் இரண்டு டப்பாவையும் சொல்லிவிடு. சாவியையும் மறைக்காதே. உனக்கும் ஏதாவது வந்தால் அதற்கும் நான்தான் காரணம், மன்னித்துவிடம்மா.

ஒன்று மட்டும் கேட்கிறேன். கூண்டில் ஏறினதும் என் முகத்தைப் பார்க்காதே. பார்த்தால் எனக்காகப் பொய் சொல்லிவிடுவாய்.

அண்ணன்,
ஓஸ்வால்ட்