வெளியாள் நாற்காலி

12 ஜூன் 1966
சாரல் தொடங்கிவிட்டது. குற்றாலத்துக் காசநோய் ஆஸ்பத்திரியில் புது மருந்து ஒன்றைக் கொடுத்துப் பார்க்கப் போகிறார்கள். அதற்கு முன் மூன்று பேர் குழு அமைத்து மெட்ராஸில் பதிவு செய்ய வேண்டுமாம் - நோயாளிக்கு விஷயம் புரிந்ததா, விரும்பித்தான் ரேகை வைக்கிறானா என்று பார்க்க. இரண்டு டாக்டர்கள், ஒரு வெளியாள். சம்மதப் பத்திரத்தைத் தமிழாக்கியவன் நான். தென்காசியில் பதினெட்டு வருஷத் தமிழாசிரியன். வெளியாள் என்னைவிட்டால் வேறு யார்?

15 ஜூன்
உலகம்மை. பாவூர்சத்திரத்தில் கத்தரிக்காய் மொத்த வியாபாரம் செய்கிறவள். வார்டில் பாதிப் பேர் அவள் சந்தையில் சுமை தூக்கியவர்கள், அவளிடம் மனம்விட்டுப் பேசுவார்கள் என்கிறார் டாக்டர் தாணு. அவள் கையெழுத்துப் போட்டு முடிப்பதற்குள் காபி ஆறிவிடும். கத்தரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வந்துதானே ஆகவேண்டும், பார்ப்போம். வயிறு எரிகிறது. மறைப்பானேன்?

20 ஜூன்
கூட்டம். எனக்குச் சுவரோர பெஞ்சு, அவளுக்குக் கை வைத்த நாற்காலி. சம்மதப் பத்திரத்தை எடுத்து, 'இசைவு' என்று தலைப்பை வாசித்தேன்.

"பாட்டுக் கச்சேரியா வாத்தியாரையா?" என்றாள். தாணு சிரித்தே விட்டார்.

'கட்புலன் மழுங்குதல் நேரிடலாம்' என்ற வரியில் மறுபடி நிறுத்தினாள். பார்வை குறையலாம் என்று அர்த்தம் சொன்னேன்.

"பொறவு கண்ணு போனாலும் போவும்னே எழுதுங்களேன். அதை மாத்துத வரைக்கும் நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

என் தமிழைத் திருத்த ஒரு காய்க்காரி. தாணு அவளை பஸ் வரை கொண்டுபோய் விட்டார். என்னிடம் அவர் வாரேன் என்றுகூடச் சொல்லவில்லை.

21 ஜூன்
வகுப்பில் புணர்ச்சி விதியைத் தப்பாக நடத்தினேன். எல்லாம் அவளால்.

27 ஜூன்
மெட்ராஸுக்கு எழுதிவிட்டேன் - எழுத்தறிவில்லாதவரைக் குழுவில் பதிவு செய்வது ஆஸ்பத்திரிக்கே இழுக்கு என்று. பெயர் போட்டுத்தான் எழுதினேன். மொட்டைக் கடுதாசி எழுதுகிறவன் இல்லை நான். அந்த மட்டில் யோக்கியன்.

2 ஆகஸ்ட்
அவளை நீக்கி என்னைப் பதிவு செய்துவிட்டார்கள். பண்பொழி போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தால், பஸ் ஸ்டாண்டில் அவளே நிற்கிறாள்.

"நீங்க இருக்கது நல்லதுதான் வாத்தியாரையா. எனக்கு வாசிக்கத் தெரியாதுல்லா. அந்தக் கண்ணு விஷயத்தை மட்டும் மாத்திருங்க."

கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

9 ஆகஸ்ட்
நாற்காலியில் உட்கார்ந்தேன். அந்த வரியை மாற்றியிருக்கலாம். மாற்றினால் அவள் சொல்லி மாற்றியதாகிவிடாதா? ஓர் எழுத்தும் மாற்றவில்லை. கையெழுத்துப் போட்டேன். பிறகு வார்டைச் சுற்றிவந்தோம். எல்லோரும் கும்பிட்டார்கள்.

14 நவம்பர்
இருமல் குறைகிறதாம், எடை ஏறுகிறதாம். பார்த்தாயா உலகம்மை?

6 பிப்ரவரி 1967
மத்தியானம் பள்ளிக்கூட வாசலில் ஒருத்தி சுவரைத் தடவிக்கொண்டே வந்தாள். மூக்கம்மாள். வார்டில் என் முகத்தைப் பார்த்துக் கும்பிட்டவர்களில் ஒருத்தி. மூன்றடி தூரத்தில் நின்றேன்.

"யாரு அங்கன நிக்கது? ஆஸ்பத்திரியிலேருந்து வாரேன். வாத்தியாரு படிச்சுப் பாத்து கையெழுத்துப் போட்டிருக்காருன்னு சொன்னாவ. அதை நம்பித்தான் நானும் ரேகை வச்சேன். இப்பம் ஒண்ணும் துலங்க மாட்டேங்கு. சரியாவுமான்னு அவருகிட்டக் கேக்கணும். வாத்தியாரு இருக்காரா?"

இல்லை என்றேன்.