அவசரமில்லாதவர்கள் பட்டியல்

ஜூன் 9
டைரியே, இந்த நேரத்தில் உன்னைத் திறப்பதற்கு மன்னித்துக்கொள். பாப்பா இப்போதுதான் தூங்கினாள். பகலில் எனக்கு அழக்கூட ஒழிவில்லை.

தொற்றுக்காக நிறுத்திவைத்த அறுவை சிகிச்சைகளை மறுபடி தொடங்குகிறார்களாம். மார்ச்சில் பாப்பாவின் அண்ணப்பிளவை ‘அவசரமில்லாதது’ என்று தள்ளிவைத்தவர்கள். ஒன்றரை வயது, பேச்சு வரவேண்டிய நேரம், அண்ணத்தில் ஓட்டை – அவசரமில்லையாம். தொப்பைக் கொழுப்பை எடுக்க வருகிறவரும் இதே பட்டியலில்தான். யாருக்கு முதலில் என்று குழு ஒன்று கூடி முடிவுசெய்யுமாம். குழுவில் இருப்பவர்கள் வீட்டுக் குழந்தைகள் நன்றாகவே பேசும் போல.

ஜூன் 15
ஆஸ்பத்திரியிலிருந்து போன். பதினெட்டாம் தேதி வரச் சொன்னாள் ஒரு பெண். பிறகு கேள்விகள்.

“காய்ச்சல் இருக்கா? மூக்கு ஒழுகுதா?”

“பால் குடிச்சா மூக்கு வழியா வரும். அதுக்குத்தானே ஆபரேஷனே!”

“ஒழுகுதுன்னு போட்டுக்கறேம்மா.”

“ஏங்க, சளி இல்லீங்க, பாலு!”

“படிவத்துல பாலுக்குன்னு கட்டம் இல்லம்மா.”

பட்டியலின் கடைசிக்குப் போய்விட்டோம்.

ஜூன் 16
உண்மை பேசினேனே, என் புத்தியைச் செருப்பால்—

ஜூன் 21
நாத்தனார் அங்கேதான் நர்ஸ்.

“அண்ணி, பேசிட்டேன். வியாழக்கிழமை கூட்டிட்டு வாங்க.”

“யாரோட இடம் அது?”

“கேக்காதீங்க. கேட்டா வரமாட்டீங்க.”

சிபாரிசுக்காரர்களை வாய் கிழியத் திட்டுகிறவள் நான். இவர் என் முகத்தைப் பார்த்தார். “இப்பப் போய் நியாயம் பேசப்போறியா?”

“இல்ல.”

எவ்வளவு வேகமாக வந்தது அந்த ‘இல்ல’!

ஜூன் 25
முடிந்தது. நன்றாக இருக்கிறாள்.

ஜூலை 3
தையலைக் காட்டப் போனோம். ஒரு நாற்காலி தள்ளி ஒரு அம்மா. மடியில் இரண்டு வயதுப் பையன், அதே பிளவு.

“இருபத்தஞ்சுக்கு வரச் சொன்னாங்க. முந்தின நாள் போன் பண்ணி, இப்ப வேணாம்னுட்டாங்க. இப்போ வார்டுக்கே தொற்று வந்து, எல்லாத்தையும் திரும்ப நிறுத்தியாச்சாம். உங்களுக்கு எப்படிங்க கெடச்சுது?”

“அதிர்ஷ்டம்தான்” என்றேன். நியாயம் பேசியே பட்டம் வாங்கிய வாய்.

ஜூலை 4
நாத்தனார் இனி என்னோடு பேசமாட்டாள். சர்ஜனுக்கு அனுப்பியதை இங்கேயும் எழுதிவைக்கிறேன்:

‘டாக்டர், இருபத்தைந்தாம் தேதி என் மகள் படுத்தது இன்னொரு குழந்தையின் இடத்தில். கேட்டு வாங்கியவர்கள் நாங்கள், கொடுத்தவர்கள் நீங்கள். மறுபடி தொடங்கும்போது முதல் பெயர் அந்தப் பையனுடையதாக இருக்குமா? தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுதுங்கள்.’