பொத்தானைக் குத்தாமல்

பிப்ரவரி 3, திங்கள்

புது விளையாட்டு வந்துவிட்டது. தமிழ்ப் பதிப்பை முழுக்க ஆடிப் பார்த்து, எங்கெங்கே உடைகிறது என்று எழுதி அனுப்ப வேண்டும். கம்பெனி சென்னையில், என் நாற்காலி செஞ்சியில். பெயர் ‘குருதியும் பஞ்சும்’. ஒரு பக்கம் கருங்குருதி நாடு: எல்லோருக்கும் தாடி, எல்லோருக்கும் சபதம், ஒருத்தனும் குளிப்பதில்லை. மறுபக்கம் தையல் தீவு, குழந்தைகள் பார்க்கிற கார்ட்டூன். துணிப் பொம்மைகள் குடை பிடித்துக்கொண்டு பாடும். இரண்டையும் ஒரே முதலாளி வாங்கிவிட்டானாம். அதனால் இரண்டு உலகமும் சம்பந்தி ஆகிவிட்டன. கதை எழுதியவனுக்கு மூளை இருந்திருந்தால் வேறு வேலைக்குப் போயிருப்பான்.

பிப்ரவரி 5

தலையை வெட்ட வருகிறவன், ‘தயவுசெய்து உங்கள் கழுத்தை உள்ளிடவும்’ என்கிறான். இதுதான் தமிழாம். எழுதி அனுப்பினேன். எங்கள் டீம் லீடர் இளவரசன், ‘நோட்டட்’ என்று பதில் போட்டார். வீடு பற்றி எரிகிறது என்றாலும் இந்த மனிதர் ‘நோட்டட்’ என்றுதான் போடுவார். இரண்டு வருஷமாக இவரிடம் வேலை. குரலைக்கூடக் கேட்டதில்லை.

பிப்ரவரி 7

மேல்சித்தாமூர் ஜெயின் மடத்துக்குப் போய்விட்டு வந்த நைனா என் பின்னால் வந்து நின்றார். திரையில் நான் பாதி ஊரை வெட்டிச் சாய்த்திருந்தேன்.

“பகல் பூரா வெட்டுற. பொழுது சாயறதுக்குள்ள ஒழுங்கா வந்து சாப்புடுற. இன்னா ஜெயினும்மா நீ?”

“அது பொம்ம, நைனா.”

“பொம்மதான். கை யாருது?”

மணிலாக்கொட்டை வியாபாரிக்குத் தத்துவம் வேறு. குடோனில் பூச்சி மருந்து அடிக்கிற கை யாருடையது என்று நான் கேட்டேனா?

பிப்ரவரி 11

தையல் தீவிலிருந்து ஒரு துணிப் பொம்மை என்னோடு ஒட்டிக்கொண்டது. பெயர் பொத்தான். ஒரு கண் பொத்தான், இன்னொரு கண் வெறும் நூல். போகிற இடமெல்லாம் பின்னால் வருகிறது. மழை வந்தால் ஓடிவந்து எனக்குக் குடை பிடிக்கிறது, அதற்குக் கை எட்டாவிட்டாலும். ஆடுகிறவர்களை அழவைக்க மட்டமான தந்திரம். நான் அழுகிற ஆள் இல்லை.

பிப்ரவரி 14

நினைத்தேன். இதற்குத்தான் அந்தக் குடையும் மண்ணாங்கட்டியும்.

இரண்டு உலகத்துக்கும் நடுவே ஒரு பெரிய கதவு. பொத்தானைக் கத்தியால் குத்திக் கொன்றால்தான் திறக்கும். வேறு வழியே வைக்கவில்லை. திரையில் ‘குத்து’ என்று ஒற்றைச் சொல். நான் சும்மா நின்றேன். அங்கே மழை. அது வந்து குடை பிடித்தது.

இன்னா ஜென்மம்டா நீங்கல்லாம்! உக்காந்து யோசிச்சீங்களா இத?

லேப்டாப்பை மூடிவிட்டு மாடிக்குப் போய், காயாத துணியை எடுத்துவந்தேன்.

பிப்ரவரி 17, திங்கள்

பொத்தானைத் தோளில் தூக்கிக்கொண்டு, கதவுக்கு இடப்பக்கச் சுவரை ஒட்டி நடந்தால், சுவர் எங்களை விழுங்கி அந்தப் பக்கம் துப்பிவிடுகிறது. இரண்டு பேரையும். கதையும் தடையில்லாமல் தொடர்கிறது.

இது பிழை. பிழையை எழுதுவது என் வேலை. எழுதினால் சுவரை அடைத்துவிடுவார்கள். எல்லோரும் குத்தித்தான் ஆகவேண்டும். எழுதாவிட்டால் அது பொய்.

கொல்லாதே, பொய் சொல்லாதே. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிக்கொடுத்தார்கள். இரண்டும் மோதிக்கொண்டால்?

பிப்ரவரி 18

எழுதிவிட்டேன். ‘இதையே ஒரு வழியாக வைத்துவிடலாமே’ என்றும் சேர்த்தேன்.

பிப்ரவரி 19

இளவரசன் போன் செய்தார். நான் நினைத்ததைவிடச் சின்னக் குரல்.

“பிரம்மி, அத எதுக்குங்க எழுதுனீங்க?”

“பிழை சார். அதுக்குத்தானே சம்பளம்?”

“நான் போன மாசமே பாத்துட்டேன். இங்கிலீஷ்ல. எழுதல.”

“ஏன் சார்?”

“என்னால குத்த முடியல. அவ்ளோதான்.”

அவரே தொடர்ந்தார். “உங்க யோசனைய கேட்டேன். டைம் இல்லன்னுட்டாங்க. நாளைக்கு சுவர அடச்சிடுவாங்க. மறுபடி முயற்சி பண்ணேன், நடக்கலன்னு நீங்க எழுதுனா விட்டுடுவாங்க. எழுதுங்கன்னு நான் சொல்லல.”

அப்படியானால் அதைக் கொல்லப்போவது என் நேர்மைதானா? நல்லா இருக்குது.

பிப்ரவரி 20

‘மீண்டும் முயன்றேன். நிகழவில்லை.’

அனுப்பிவிட்டேன்.

ஜூன் 27, வெள்ளி

விளையாட்டு வெளியாகி இரண்டாவது வாரம். எவனோ சுவர் வழியைக் கண்டுபிடித்து வீடியோ போட்டுவிட்டான். அதைப் பார்த்து ஊர் உலகமே பொத்தானைத் தூக்கிக்கொண்டு சுவரில் முட்டுகிறது. முதலாளிக்குக் கோபம். ‘நிகழவில்லை’ என்று எழுதியது யார்?

“நான்தான் சொன்னேன்னு சொல்லிடுறேன்” என்றார் இளவரசன். வேண்டாம் என்றேன். எழுதியது என் கை. அடுத்த மாதத்திலிருந்து எனக்கு வேலை இல்லை.

நைனாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“பொய் எழுதுனியா?”

“எழுதுனேன்.”

திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

“எங்க, அந்தப் பொம்மய காட்டு.”

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கோட்டையை யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தாலும் சேர்த்தார்கள், ஞாயிற்றுக்கிழமையில் பஸ் ஸ்டாண்டு பக்கம் போக முடியவில்லை. அடிவாரத்தில் நின்று ஒரு செல்ஃபி. மலை ஏறுகிறவன் ஒருத்தனும் இல்லை.

இப்போது பேங்க் ஆப் ஒன்றைச் சோதிக்கிறேன். அதைக் கட்டியவர்களும் முட்டாள்கள்தான். இளவரசன்தான் இடம் சொன்னார். நன்றி என்று எழுதினேன். ‘நோட்டட்’ என்று பதில் வந்தது. சிரித்துவிட்டேன்.

அந்த விளையாட்டை என் காசில் வாங்கியிருக்கிறேன். மட்டமான கதை, மாற்றிச் சொல்ல மாட்டேன். கடையிலிருந்து வந்ததும் நைனா உட்கார்ந்துவிடுகிறார். யாரையும் வெட்டுவதில்லை. பொத்தானைத் தோளில் வைத்துக்கொண்டு சுவர் வழியாகப் போய்த் தீவு முழுக்கச் சுற்றுகிறார். கதை ஓரடி நகர்வதில்லை; அவருக்கு அதைப் பற்றிக் கவலையும் இல்லை.

நான் வாங்கிய பிறகு, சுவரை அடைத்துப் புதுப்பதிப்பு விட்டிருக்கிறார்கள். திறக்கும்போதெல்லாம் ‘இப்போது புதுப்பிக்கவா?’ என்று கேட்கிறது. இன்று நான் அடுப்படியில் இருந்தேன்.

“பிரம்மி, இது இன்னாமோ கேக்குது.”

“‘பிறகு’ன்னு இருக்கும் நைனா. அத அமுக்குங்க.”

“தினம் இதேதான் கேக்குது.”

“தினம் அதையே அமுக்குங்க.”