மூக்கு என்றைக்குப் போச்சு?

அத்தை, வாசனை தெரியாமல் போவதும் தூக்கத்தில் கை ஓங்குவதும் ஒரே நோயின் முன்னறிகுறிகளாக இருக்கலாம் என்று அன்று நான் உங்களிடம் சொல்லவில்லை. நீங்கள் மறைந்த பிறகு முதல்முறையாக இன்று காலை காரைக்கால் மார்க்கெட்டில் சங்கரா மீனை எடுத்து முகர்ந்தேன். அந்த நாள் நினைவுக்கு வந்தது.

பட்டினச்சேரி மீன் ஏலத்தில், விற்பதற்கு மீன் எடுக்கும் மற்றப் பெண்கள் செவுளைத் தூக்கி நிறம் பார்ப்பார்கள். நீங்கள் மூக்கருகே ஒருமுறை கொண்டுபோவதோடு சரி. "செவுளுக்குச் சாயம் பூசலாம்டி, வாசத்துக்குப் பூச முடியுமா?" என்பீர்கள். அதனால்தான் அன்று ஏமாந்தீர்கள். வாடிக்கையாக வாங்கும் டீச்சரம்மா, நீங்கள் விற்ற சங்கராவைப் பையோடு திருப்பி நீட்டினார்.

"மீன்காரம்மா, இது நாறுது. ஒங்க மூக்க நம்பித்தான் நான் பாக்காம வாங்குறேன்."

முகர்ந்தீர்கள். மறுபடியும் முகர்ந்தீர்கள். பிறகு என்னிடம் நீட்டினீர்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டதிலேயே உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

வீட்டில் மாமா சிரித்தார். "மீனுக்குள்ளயே கெடந்தா மூக்கு மரத்துத்தான் போவும்." எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. "அத வுடு பாப்பா, ஒங்கத்தை தூக்கத்துலயும் ஏலம் எடுக்குறா. எதுத்தாப்ல வெல ஏத்துனது நான்தான்னு ஒரே குத்து!" என்று தோளைக் காட்டினார்.

"வெலய ஏத்துனா கொஞ்சுவாங்களா?" என்றீர்கள்.

இரண்டையும் சேர்த்து நான் எங்கோ படித்திருந்தேன். அரைகுறைப் படிப்பை வைத்து உங்களைப் பயமுறுத்த மனமில்லை. "டாக்டர்ட்ட காட்டுவோம், வாங்க அத்தை" என்று மட்டும் சொன்னேன்.

டாக்டர் கண்ணை மூடச் சொல்லிக் காப்பித்தூளையும் சோப்பையும் நீட்டினார். உங்களுக்கு இரண்டும் ஒன்றுதான். கனவு காணும்போது உடம்பு அசையாமல் பூட்டிக்கொள்ளும், சிலருக்கு அந்தப் பூட்டு விட்டுப்போகும் என்றார். பின்னால் நடுக்க நோய் வரலாம், வராமலும் போகலாம், அடிக்கடி வந்து காட்டுங்கள் என்றார். பஸ்ஸில் திரும்பும்போது, வந்தால் என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை.

"கண்ணு போனா தெரியுது, காது போனா தெரியுது. மூக்கு போனது மட்டும் ஏன்டி தெரியல? என்னைக்குப் போச்சு?"

இப்போதும் உலை கொதிக்கும்போதும் முதல் மழை விழும்போதும் அந்தக் கேள்வி வந்துவிடுகிறது. நின்று ஒருமுறை முகர்ந்து பார்த்துக்கொள்கிறேன்.

அன்று உங்கள் கவலையெல்லாம் டீச்சரம்மா வேறு ஆளிடம் போய்விடுவாரோ என்பதுதான். இனிமேல் செவுளைப் பார்த்து வாங்கலாமே என்றேன். "அதுல நான் கத்துக்குட்டிடி" என்று தலையசைத்தீர்கள். மறுவாரம் உங்கள் கூடையில் உயிர் நண்டு ஊர்ந்துகொண்டிருந்தது. "ஓடுறத மோந்து பாக்க வேணாம்ல?"

சில வருடங்களில் இடது கை நடுங்கத் தொடங்கியது. பார்க்கின்சன் என்றார் டாக்டர். அதன்பிறகு நண்டின் கொடுக்குகளை மாமா கட்டிக் கொடுத்தார், நீங்கள் விற்றீர்கள். டீச்சரம்மா கடைசி வரை உங்களிடம்தான் வாங்கினார்.